அரை மீட்டர்

2025 மார்ச் 6, வியாழன்

அக்காள் மகளின் வளைகாப்புக்குச் சென்னை செல்ல, எனக்கும் தம்பிக்கும் இன்று பயணச்சீட்டு எடுத்தாயிற்று. துணையின்றிப் பயணம் செய்ய இயலாத மாற்றுத்திறனாளிகளுக்குப் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பிலும் 75 விழுக்காடு கட்டணச் சலுகை உண்டு. உடன் வரும் ஒருவருக்கும் அதே சலுகை கிடைக்கிறது. சலுகையைப் பற்றி எனக்குக் குறையில்லை. சக்கர நாற்காலியோடு வண்டிக்குள் ஏறுவது எப்படி என்பதே ஒவ்வொரு முறையும் முன்னால் வந்து நிற்கும் கேள்வி.

2025 மார்ச் 8, சனி

வண்டியின் பொறுப்பாளரான கார்டு இருக்கும் பெட்டியிலேயே மாற்றுத்திறனாளிகளுக்கென ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருக்கும். அகன்ற வாசல், அகலமான படுக்கை, கைப்பிடிகள் பொருத்திய பெரிய கழிவறை, உட்கார்ந்தபடியே முகம் பார்க்கக்கூடிய உயரத்தில் கண்ணாடி ஆகியவற்றையெல்லாம் யாரோ உண்மையான அக்கறையோடு வரைந்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பெட்டி பெரும்பாலும் வண்டியின் கோடியில் நிற்பதால், கூரை முடிந்து வெயிலும் மழையும் தொடங்கும் இடம் வரை நாற்காலியை உருட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

உயரக் கணக்கை இன்று காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். நம் ரயில் பாதைகளில் உயர்மட்ட நடைமேடை என்பது தண்டவாளத்திலிருந்து 760 முதல் 840 மில்லிமீட்டர் வரை உயரமுள்ளது. பெட்டியின் தளமோ ஏறத்தாழ 1,300 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. மிஞ்சுவது ஏறக்குறைய அரை மீட்டர். சாய்தளத்துக்கு ஏற்கப்பட்ட சரிவான பன்னிரண்டுக்கு ஒன்று (பன்னிரண்டு பங்கு நீளத்துக்கு ஒரு பங்கு உயரம்) என்ற கணக்கின்படி, இந்த உயரத்தை ஏற ஆறு மீட்டர் நீளப் பலகை வேண்டும்; வண்டி நிற்கும் சில நிமிடங்களில், கூட்டத்துக்கு நடுவே, அதை எங்கே விரிப்பது? இரண்டு மீட்டர் பலகையைப் போட்டாலோ சரிவு நான்குக்கு ஒன்றாகிவிடும். பின்னால் தள்ளுபவர் கை தளர்ந்தால் நாற்காலி அவர் மீதே உருண்டு வந்துவிடும்.

2025 மார்ச் 9, ஞாயிறு

வழக்கம்போல் தூக்கித்தான் ஏற்றினார்கள். தம்பி ஒரு பக்கமும் போர்ட்டர் மறுபக்கமும் பிடிக்க, முன்பின் அறியாத ஒருவர் “சார், காலை மடக்கி வச்சுக்கோங்க” என்று சொல்லிக்கொண்டே கீழிருந்து தாங்கினார். மனிதர்களுடைய நல்ல மனத்துக்கு என்றும் குறைவில்லை. ஆனால், அந்த நல்ல மனத்தை ஒரு பொறியியல் ஏற்பாடாகக் கருதிவிடக் கூடாது என்பது என் கட்சி.

2025 மார்ச் 11, செவ்வாய்

வளைகாப்பு இனிதே முடிந்தது. மாலையில் மெட்ரோ ரயிலில் சென்றோம். மின்தூக்கியில் இறங்கி, நடைமேடையிலிருந்து நேரே பெட்டிக்குள் நானே சக்கரத்தை உருட்டிப் போனேன். தம்பி கைபேசியைப் பார்த்துக்கொண்டு பின்னால் வந்தான். 2015 ஜூன் 29 அன்று கோயம்பேடு–ஆலந்தூர் இடையே சேவை தொடங்கியபோதே, பெட்டியின் தளமும் நடைமேடையும் ஒரே மட்டமாக அமையும்படி கட்டியிருந்தார்கள். தனிப் பாதையில் ஒரே வகை வண்டி மட்டும் ஓடும் இடத்தில் இது எளிது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நெடுந்தூரப் பாதையின் நடைமேடை, வெவ்வேறு தள உயரமுள்ள பல வகை வண்டிகளுக்குப் பொதுவானது.

2025 மார்ச் 13, வியாழன்

திரும்பும்போது வந்தே பாரத். 2023 செப்டம்பரில் தொடங்கிய சென்னை–திருநெல்வேலி வண்டி இது. பெரம்பூர் பெட்டித் தொழிற்சாலை உருவாக்கிய வகையைச் சேர்ந்தது. முனைப் பெட்டியில் சக்கர நாற்காலிக்கு இடம் விட்டிருப்பதால், இருக்கைக்கு மாறாமல் என் நாற்காலியிலேயே அமர்ந்து வந்தேன். இருக்கை எண்கள் பிரெய்லியிலும் உள்ளன.

2025 மார்ச் 15, சனி

2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல் வசதிக்கான நெறிகள் வெறும் பரிந்துரைகளாக இருந்தால் போதாது, கட்டாய விதிகளாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை ஒட்டிய வழக்கு அது. ரயில் பெட்டிகளுக்கு அப்படி விதி எழுதுவோர், கழிவறைக் கதவின் அகலத்தோடு, நடைமேடைக்கும் பெட்டித் தளத்துக்கும் இடையே இருக்கக்கூடிய அதிகபட்ச உயர வேறுபாட்டையும் மில்லிமீட்டரில் குறிப்பிட வேண்டும். பழைய பெட்டிகளை மாற்ற முடியாதென்றால், புதிதாகக் கட்டும் பெட்டிகளிலாவது ஒரு வாசலில் மடக்கு மின்தூக்கி பொருத்தட்டும். சில பேருந்துகளில் அது வந்தாயிற்று.