அவன் கல்லிடை ஆளு, ஆனா 17 சீசனா நம்ம செகண்ட் பேஸ்

போன ஞாயித்துக்கிழமை ராத்திரி எங்க கம்ப்யூட்டர் பேஸ்பால் லீக்ல சிம் (ஒரு வாரத்து ஆட்டத்த கம்ப்யூட்டரே ஆடி முடிக்கது) ஓடி முடிஞ்சு ஃபைல் இறங்குன ஒடனே நான் மொதல்ல தொறந்தது பாயின்ட் டேபிள இல்ல, என் டீம்ல ரெண்டாவது பேஸ்கிட்ட நிக்க எங்க செகண்ட் பேஸ்காரன் பக்கத்தத்தான். 2971. அது அவன் அடிச்ச ஹிட்டு, அதாவது பந்த அடிச்சு அவுட்டாவாம பேஸுக்குப் போய்ச் சேந்த தடவை. இன்னும் 29 ஹிட் அடிச்சா 3000. சீசன்ல மிச்சம் 41 மேட்ச் கெடக்கு. அவனுக்கு வயசு 38, காண்ட்ராக்ட் இந்த வருசத்தோட முடியுது, அடுத்த வருசம் ஆடுவான்னு எனக்கு நம்பிக்கை இல்ல. அன்னைக்கு பதினொன்றரை மணிக்கு லீக்ல இன்னொரு டீம் வச்சிருக்க கல்லிடைக்காரன் போன் போட்டான். "ஏல, அவன எங்கிட்ட திருப்பித் தந்துரு, ரெண்டு சின்னப் பயலுவளும் என்னோட அடுத்த மொத ரவுண்டு பிக்கும் தாரேன்"ன்னான். நான் ஒண்ணும் சொல்லல, யோசிச்சு சொல்லுதேன்னு வச்சிட்டேன். இன்னைக்கு புதன்கிழமை. ராத்திரி 10 மணிக்கு அடுத்த சிம். அதுக்குள்ள இத எழுதி முடிச்சிரணும்னு உக்காந்திருக்கேன்.

தெரியாதவங்களுக்கு கொஞ்சம் சொல்லிருதேன். அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால்னு ஒரு கம்ப்யூட்டர் கேம், மார்க்கஸ் ஹைன்சோன்னு ஒரு ஜெர்மன்காரர் பண்ணது, மொத வெர்ஷன் 1999ல வந்துச்சு. இதுல நாம மட்டையும் பிடிக்க மாட்டோம் பந்தும் எறிய மாட்டோம். யாரை டிராஃப்ட்ல (டீமுக முறை வச்சு புதுப் பயலுவள ஒவ்வொருத்தனா எடுக்கது, அந்த ஒரு முறைதான் பிக்கு) எடுக்கது, யாரை எறக்கது, யாருக்கு எவ்வளவு சம்பளம், யாரை விக்கது, இதுதான் நம்ம வேலை, மிச்சத்த கம்ப்யூட்டர் பந்து பந்தா ஆடிரும். நாங்க 12 பேரு. பாதிப்பேர் கூடப் படிச்சவனுவ, மீதி அவனுவ மூலமா வந்தவங்க. டீமுக்கெல்லாம் நம்ம ஊர் பேருதான், அம்பை, கல்லிடை, செங்கோட்டை, களக்காடு, வள்ளியூர், ஏரல்னு. நான் பாளை. ஆளையும் ஊர வச்சேதான் கூப்பிடுவோம்.

செங்கோட்டைதான் கமிஷனர், இப்ப துபாய்ல இருக்கான். லீக் ஃபைல் அவன்கிட்டதான் இருக்கும். நாங்க இறக்கி, லைன்அப் (யாரு எந்த வரிசையில ஆடணும்ங்கது) மாத்தி, எக்ஸ்போர்ட் போட்டு அனுப்பணும், அவன் எல்லாத்தையும் சேத்து ஒரு வாரத்து ஆட்டத்த ஓட்டுவான். புதனும் ஞாயிறும். 162 மேட்ச் சீசன், நடுவுல டிராஃப்ட், கடைசில காண்ட்ராக்ட் பேச்சு எல்லாம் சேத்தா ஒரு சீசனுக்கு கிட்டத்தட்ட நாலு மாசம் ஆவும். 2014ல ஆரம்பிச்சது, இப்ப 32வது சீசன் ஓடுது. நெல்லையில ஒக்காந்துக்கிட்டு ஏன் பேஸ்பால்னு கேக்காதவங்க கெடையாது. 2008ல பிட்ஸ்பர்க் பைரேட்ஸ்னு ஒரு அமெரிக்க டீம் ரிங்கு சிங், தினேஷ் படேல்னு ரெண்டு உத்தரப்பிரதேசத்துப் பயலுவள எடுத்தாங்கல்லா, ரெண்டு பேரும் ஈட்டி எறிஞ்சுக்கிட்டு இருந்தவனுவ, அந்தச் சேதியப் படிச்சுத்தான் செங்கோட்டை இந்த ஆட்டத்துக்குள்ள விழுந்தான், அவன் பொறத்தால நாங்களும் விழுந்தோம்.

டிராஃப்ட்டுதான் இதுல உசுரு. 12 டீம், 20 ரவுண்டு, 240 பேரு. எல்லாம் கேமே உண்டாக்குன பயலுவ, 18 வயசு ஸ்கூல் பையனும் இருப்பான் 21, 22 வயசு காலேஜ் பையனும் இருப்பான். ஒவ்வொருத்தனுக்கும் 20லருந்து 80 வரைக்கும் மார்க்கு, நிஜத்துல அமெரிக்க ஸ்கவுட்டுகளும் இந்த அளவுலதான் எழுதுவாங்க, 50ன்னா பெரிய லீக்ல சராசரி ஆளுன்னு அர்த்தம். இன்னைக்கு எவ்வளவுன்னு ஒரு மார்க்கு, வளந்தா எவ்வளவு வருவான்னு இன்னொரு மார்க்கு. இந்த ரெண்டாவதுதான் ஆளக் கவுக்கது. அது ஸ்கவுட் கண்ணுக்குத் தெரிஞ்ச மார்க்கு, நெசம் இல்ல, வருசா வருசம் ஏறும் எறங்கும்.

எங்கப்பா சேரன்மகாதேவி பக்கம் வயல் பாத்தவங்க. நான் மொத தடவ டிராஃப்ட்ட வெளக்கிச் சொன்னப்ப எல்லாத்தையும் கேட்டுட்டு "எத்தன நாள் பயிரு?"ன்னு கேட்டாவ. அதவிட சரியான கேள்விய இந்த 11 வருசத்துல யாரும் எங்கிட்ட கேட்டதில்ல. அம்பை 16 நெல்லு நட்டா 110 நாள்ல அறுத்துரலாம். 18 வயசுப் பயல எடுத்தா லீக் கணக்குல அஞ்சு வருசம், நம்ம கணக்குல ஒண்ணரை வருசத்துக்கு மேல, அதுக்குள்ள எத்தன வெள்ளம் எத்தன வறட்சி.

நான் பட்ட பெரிய அடி அஞ்சாவது சீசன்ல. எனக்கு மொத பிக். 18 வயசு இடக்கை பிட்சர் (பந்து எறியுறவன்), பந்தோட வேகத்துக்கும் வளைவுக்கும் 80 வரும்னு ஸ்கவுட் எழுதியிருந்தான், க்ரூப்ல எல்லாரும் எடு எடுன்னு நின்னானுவ, எடுத்தேன். 20 வயசுல முட்டி லிகமென்ட் (மூட்டக் கட்டி வச்சிருக்க நாரு) போச்சு, கை முட்டியச் சொல்லுதேன், 13 மாசம் படுத்தான். எந்திரிச்சு வந்தா 22ல தோள்பட்ட. பெரிய டீமுக்கு ஒரு பந்து கூட எறியாம போயிட்டான். அப்ப கேம்தான் என்ன ஏமாத்திட்டுன்னு நெனச்சேன். பொறவு நிஜ கதைகளப் படிக்கப் படிக்க அது கேம் இல்ல, பேஸ்பாலே அப்படித்தான்னு புரிஞ்சுது. 1991ல நியூயார்க் யாங்கீஸ் டீம் மொத பிக்கா எடுத்த ப்ரையன் டெய்லர் தோள்பட்டை போயி பெரிய லீக்ல ஆடவே இல்ல. 2009ல மொத பிக் ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்க், 2010 ஜூன்ல அறிமுக மேட்ச்லயே 14 பேர ஸ்ட்ரைக் அவுட் (பந்த அடிக்க விடாமலே அவுட்) பண்ணான், அதே வருசம் கை முட்டி ஆபரேசன். அவன் எந்திரிச்சு வந்து 2019ல வேர்ல்டு சீரிஸ்ல சிறந்த ஆட்டக்காரர் வாங்குனது வேற விசயம், ஆனா எல்லாரும் அப்படி வந்துர மாட்டாங்க. அந்த ஆபரேசனுக்கு டாமி ஜான்னு பேரு, 1974ல டாக்டர் ஃப்ராங்க் ஜோப் மொத மொதல்ல அந்தப் பேருள்ள பிட்சருக்குத்தான் செஞ்சாரு, அவரு 1989 வரைக்கும் எறிஞ்சாரு.

அதுலருந்து எனக்கு ஒரு வைராக்கியம், மொத மூணு ரவுண்டுல ஸ்கூல் பிட்சரத் தொட மாட்டேன். மொதல்ல கேட்சர் (நம்ம விக்கெட் கீப்பர் மாதிரி), இல்லன்னா ஷார்ட்ஸ்டாப் (ரெண்டாவது பேஸுக்கும் மூணாவது பேஸுக்கும் நடுவுல நிக்கவன்). ஷார்ட்ஸ்டாப்ல தேறலன்னாலும் அவன செகண்ட் பேஸுக்கோ தேர்டு பேஸுக்கோ நகத்திக்கலாம், வீணாப் போவாது. பிட்சர் வேணும்னா காலேஜ் பையன், வேகம் கம்மியா இருந்தாலும் சரி, கன்ட்ரோல் இருக்கணும். அடிக்கிறவன்ல நான் பாக்கது ஒண்ணே ஒண்ணு, கண்ணு. ஐ ரேட்டிங்னு இருக்கும். கிரிக்கெட்ல ஆஃப் ஸ்டம்ப்புக்கு வெளிய போற பந்த லீவ் பண்றான்ல, அந்தப் பொறுமை. இங்க வெளிய போற பந்து நாலு விட்டா சும்மாவே மொத பேஸுக்கு நடந்து போயிரலாம். கணக்குப் போட்டுப் பாருங்க, ரெண்டு பேர் ஆளுக்கு 600 தடவை மட்டை பிடிக்க வாரான்னு வைங்க. ஒருத்தன் சராசரி .290 (ஹிட்டு மட்டும்தான் இதுல சேரும், நடந்த தடவைய கணக்குல எடுக்க மாட்டாங்க), ஆனா 20 தடவதான் நடக்கான், மொத்தம் 188 தடவை பேஸுக்குப் போவான். இன்னொருத்தன் .250தான், ஆனா 90 தடவை நடக்கான், அவன் 217 தடவை போவான். முன்னவனத்தான் எல்லாரும் அடிச்சுப் பிடிச்சு எடுப்பானுவ, பின்னவன் ஆறாவது ரவுண்டு வரைக்கும் கெடப்பான்.

எங்க செகண்ட் பேஸ்காரன் அந்தப் பின்னவன் ரகம். ஆனா நான் டிராஃப்ட்ல எடுத்தவன் இல்ல. கல்லிடை 17 வயசுல டொமினிகன் குடியரசுலருந்து கூட்டிட்டு வந்து கீழ் டீம்ல வச்சிருந்தான். ரூல் 5னு ஒண்ணு இருக்கு, இத்தன வருசம் கீழ வச்சிருக்க பயல 40 பேர் லிஸ்ட்ல சேக்கலன்னா மத்த டீம் வந்து தூக்கிட்டுப் போவலாம். ஆனா தூக்குனவன் சும்மா வச்சிருக்க முடியாது, அடுத்த சீசன் முழுக்க பெரிய டீமோட 26 பேர்ல வச்சிருக்கணும், இல்லன்னா பழைய டீமுக்கே திருப்பிக் குடுக்கணும். திறமை இருக்க பய கீழயே அழுகிறக் கூடாதுன்னு வச்ச விதி. ரொபர்ட்டோ கிளெமென்டேன்னு பெரிய ஆட்டக்காரர் ஒருத்தர, அவர பிட்ஸ்பர்க் 1954ல டாட்ஜர்ஸ் டீம்ட்டருந்து இப்படித்தான் எடுத்தாங்க. 16வது சீசனுக்கு முன்னால, 2019 கடைசில, கல்லிடை லிஸ்ட்ல இவன் பேரு இல்லாததப் பாத்தேன். 22 வயசு. அடிக்கிறதுக்கு 40தான், கண்ணு மட்டும் 65, உழைப்பு ஹைன்னு இருந்துச்சு. எடுத்துட்டேன்.

அந்த வருசம் முழுக்க அவன பெஞ்சுல ஒக்கார வச்சு வச்சு எறக்குனேன், 61 ஹிட். நாங்க 97 தோத்தோம். ஒரு சீட்ட இப்படி வீணாக்குதியேன்னு அம்பை சண்ட கூட போட்டான். அடுத்த வருசம் 158, அதுக்கடுத்து 190. அப்பா தார்சாவுல ஒக்காந்துக்கிட்டு, நான் கடை அடைச்சு வந்தா சாப்பிட்டியான்னு கூட கேக்க மாட்டாவ, "செகண்டுகாரன் எத்தன?"ன்னுதான் கேப்பாவ. அவன் பேர் அவுக வாயில வராது, அன்னைலருந்து செகண்டுகாரன்தான். ரெண்டு தடவை கப் வாங்குனோம், ரெண்டுலயும் அவன்தான் மொத பேட்டர்.

2023 டிசம்பர் 17, 18 மழைய இங்க யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு, தாமிரபரணி ரெண்டு கரையும் தாண்டிட்டு, ஸ்ரீவைகுண்டத்துல ரயிலே நின்னு போச்சு. ஏரல் அண்ணாச்சிய நாலு நாளா போன்ல பிடிக்கவே முடியல. அந்த வாரம்தான் டிராஃப்ட்டு வேற. செங்கோட்டை துபாய்லருந்து எல்லாருக்கும் ஒரு வரி போட்டான், அண்ணாச்சி வராம ஒரு பிக்கும் ஓடாதுன்னு. ஆட்டோ பிக்ல, அவுகளுக்குப் பதிலா கம்ப்யூட்டரே எடுக்கட்டும்னு, விட்டுரலாம்னு ஒருத்தனும் சொல்லல. அஞ்சாவது நாள் யாரோ ஒருத்தர் போன்லருந்து அண்ணாச்சி கூப்புட்டாவ, வீட்டுல இடுப்பளவு தண்ணி, கடைச்சரக்கு எல்லாம் போச்சு, கம்ப்யூட்டரும் போச்சு, ஆளுக நல்லாருக்கோம்னு சொல்லிட்டு கடைசியா "தம்பி, டிராஃப்ட் முடிஞ்சிட்டா"ன்னு கேட்டாவ. இல்ல அண்ணாச்சி, உங்களுக்காக நிக்குன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல அந்தப் பக்கம். ஜனவரி பாதில எங்க வீட்டு மச்சுலதான் ஒக்காந்து என் கம்ப்யூட்டர்ல அவுக பிக்கெல்லாம் போட்டாவ. இந்த லீக் எனக்கு என்னன்னு யாராவது கேட்டா அந்த ராத்திரியத்தான் சொல்லுவேன்.

சரி, கல்லிடை பேரத்துக்கு வாரேன். எங்க லீக்ல ஆகஸ்ட் கடைசி வரைக்கும் டிரேட் பண்ணலாம். மேனேஜரா பாத்தா குடுத்துரணும், அதுல சந்தேகமே இல்ல. 121 மேட்ச்ல 60 ஜெயிச்சிருக்கோம், ஆனா 612 ரன் அடிச்சு 655 விட்டிருக்கோம். பில் ஜேம்ஸ்னு பேஸ்பால் புள்ளிவிவரக்காரர் சொன்ன கணக்கு ஒண்ணு உண்டு, அடிச்ச ரன்ன வர்க்கம் பண்ணி, அத அடிச்சதும் விட்டதும் ரெண்டோட வர்க்கத்தையும் கூட்டி வாரத வச்சு வகுக்கணும், அத ஆடுன 121 மேட்ச்சால பெருக்குனா அந்தக் கணக்குப்படி எங்களுக்கு 56தான் வரணும். நாலு மேட்ச் அதிர்ஷ்டத்துல வந்தது. இந்த வருசம் பிளேஆஃப் கெடையாது. 38 வயசுக்காரன் அடுத்த வருசம் இருக்கப் போறதில்ல, கல்லிடை தாரேன்னு சொல்லுத கேட்சர் பயலுக்கு 20 வயசு, கண்ணு 60. நானே தேடி அலையிற சரக்கு.

ஆனா கல்லிடை இன்னொண்ணும் சொன்னான், அதுதான் என்னையத் தூங்க விடல. "நான் பாத்துக் கூட்டிட்டு வந்த பய வே, அந்த ஒரு லிஸ்ட்ட நான் சரியாப் போட்டிருந்தா இந்த 17 வருசமும் எங்க சட்டைதான். 3000மாவது ஹிட்டாவது எங்க சட்டையில அடிக்கட்டும்." அவன் சொல்லுததுல நியாயம் இருக்கு. 16வது சீசன்லருந்து அவன் ஒரு தடவ கூட அத எங்கிட்ட கொறையா பேசுனதில்ல.

நடக்கத் தெரிஞ்சவனுக்கு 3000 ரொம்ப கஷ்டம், ஒவ்வொரு நடையும் அடிக்காம விட்ட ஒரு வாய்ப்புல்லா. அமெரிக்காவுல பெரிய பேட்டர் டெட் வில்லியம்ஸ் 2021 தடவை நடந்தவரு, 2654 ஹிட்டோட நின்னுட்டாரு. இன்னொரு பெரிய பேட்டர் பாரி பாண்ட்ஸ் 2558 தடவை நடந்தாரு, 2935 ஹிட்டுதான். அவங்களே தொடாதத இவன் தொடப் போறான். கிளெமென்டே 1972 செப்டம்பர் 30ல சரியா 3000 அடிச்சாரு, அந்த டிசம்பர் 31ல நிக்கராகுவா பூகம்பத்துக்கு நிவாரணம் கொண்டு போன விமானம் விழுந்து போயிட்டாரு. அவரு எந்த டீம் சட்டையில அடிச்சாரு? எடுத்து வளத்த பிட்ஸ்பர்க் சட்டையில. அத நான் மூணு நாளா திருப்பித் திருப்பி நெனச்சுக்கிட்டே இருக்கேன்.

நேத்து அப்பாகிட்ட விசயத்தச் சொன்னேன். அந்த கேட்சர் பயலப் பத்தி எல்லாம் கேட்டாவ, வயசு, கண்ணு, எத்தன வருசத்துல வருவான். நல்ல நாத்துதான்னு சொன்னாவ. பொறவு எந்திரிச்சு உள்ள போகும்போது "செகண்டுகாரன் நம்ம வீட்டுலருந்தே போகட்டும்டே"ன்னாவ.

சாயந்தரம் கல்லிடைய கூப்பிட்டு தர முடியாதுன்னு சொல்லிட்டேன். கோவப்படுவான்னு நெனச்சேன், "செரி, அப்ப தெனமும் எறக்கு, பெஞ்சுல வச்சிராத"ன்னு மட்டும் சொன்னான். இடக்கை பிட்சர் வந்தா அவனால முன்ன மாதிரி முடியல, அதனால வலக்கை பிட்சர் எறியுற மேட்ச்ல மட்டும்தான் இந்த ரெண்டு மாசமா எறக்கிட்டிருந்தேன். இப்ப வலக்கைக்கு ஒண்ணு இடக்கைக்கு ஒண்ணுன்னு வச்சிருக்க ரெண்டு லைன்அப்லயும் மொத பேட்டரா போட்டு எக்ஸ்போர்ட் அனுப்பியாச்சு. இந்த வாரம் மொத மூணு மேட்ச் களக்காடோட, அடுத்த மூணும் கல்லிடை கிரவுண்டுல. மணி ஒம்பதே முக்கா. அப்பா தார்சாவுலதான் இருக்காவ.