மல்லாந்து கிடக்கும் டாரன்டுலா

நீங்கள் வளர்க்கும் டாரன்டுலா (பெரிய, மயிரடர்ந்த சிலந்தி) மல்லாந்து கிடந்தால் செத்துவிட்டதென்று தூக்கி எறிந்துவிடாதீர்கள், தயவுசெய்து! பெரும்பாலும் அது சட்டை உரிக்கிறது. தொடாதீர்கள், திருப்பிப் போடாதீர்கள், தண்ணீர் தெளிக்காதீர்கள். கூண்டில் உயிருள்ள பூச்சி இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். புதுத் தோல் அவ்வளவு மென்மை, ஒரு சுவர்க்கோழியே கடித்துக் கொன்றுவிடும். உரித்தபின் நச்சுப்பற்கள் வெள்ளையாக இருக்கும். அவை நன்றாகக் கறுக்கும்வரை இரை வேண்டாம். வளர்ந்த சிலந்திக்கு 2 வாரம் பொறுப்பது நல்லது.

பயப்பட வேண்டியது வேறு: நிமிர்ந்த நிலையிலேயே கால்கள் உடலுக்கு அடியில் சுருண்டிருப்பது. சிலந்தி காலை நீட்டுவது உடல் திரவத்தின் அழுத்தத்தால். நீர் வற்றினால் கால் மடங்கிவிடும். ஆழமில்லாத தட்டில் நீர் ஊற்றி, வாய்ப்பகுதி மட்டும் நனையும்படி சிலந்தியை மெதுவாக வையுங்கள். வயிற்றின் அடியில்தான் மூச்சு உறுப்பு, அது மூழ்கக் கூடாது.

கண்ணாடிச் சுவரை விட்டு இறங்க மறுக்கிறதா? தரை மண் அதிக ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.