படிக்கிறவர் கையில் ஓட்டு இல்லை

பதிவுக்கு விழும் ஓட்டு எழுதியவருக்குக் கிரிப்டோ நாணயமாக மாறும் ஸ்டீமிட் தளத்தில் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் என் பதிவுகளுக்கு வந்த கருத்துகள் எல்லாம் தமிழில் இருக்கும். ஆனால் பணமாக மாறிய ஓட்டுகள் எல்லாம் தமிழ் எழுத்தே தெரியாத கணக்குகளிலிருந்து வந்திருக்கும். கிரிப்டோ சமூக வலைத்தளங்களின் நியாயம் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

நான் எழுதியது நாஞ்சில் நாட்டுக் குளங்களைப் பற்றி. எந்தக் கால்வாய் எந்தக் குளத்தில் போய் விழுகிறது, எங்கே மடை அடைந்து கிடக்கிறது, சுசீந்திரம், தேரூர் பக்கம் என்னென்ன பறவைகள் வந்து இறங்குகின்றன என்று. தேரூர்க்காரர் அண்ணன் ஒருவர் வாடிக்கையாகப் படிப்பார். தன் அப்பா காலத்தில் எந்த மடையை யார் திறந்துவிட்டார்கள், தண்ணீர் முறை வைத்தது எப்படி என்று என் பதிவைவிட நீளமாகக் கருத்து எழுதுவார். அந்தக் கட்டுரையை எடைபோட அவரைவிடத் தகுதியான ஆள் கிடையாது. அவர் கணக்கில் இருந்ததோ, புதிதாகச் சேருகிறவர்களுக்கு நிறுவனம் இரவலாகக் கொடுத்த 15 ஸ்டீம் பவர்தான்; ஓட்டுக்கு எடை தரும், பூட்டி வைத்த நாணயம் அது. அவர் ஓட்டின் மதிப்பு ஒரு சென்ட்கூட வராது. போதாததற்கு, ஒரு பதிவின் மொத்தத் தொகை 0.02 டாலரைத் தொடாவிட்டால் அந்தக் காசு எழுதியவருக்கும் வராது, பொதுப் பரிசுத் தொகைக்கே திரும்பிவிடும். அவரைப் போல நாலு பேர் மனதாரப் படித்து ஓட்டுப் போட்டாலும் கணக்கில் பூஜ்யம்தான்.

ஸ்டீமிட்டுக்கு அடியில் இருக்கும் பொதுப் பேரேடு, அதாவது பிளாக்செயின், ஸ்டீம்; அதன் நாணயத்துக்கும் அதே பெயர். அது 2016 மார்ச்சில் தொடங்கியது. நெட் ஸ்காட், டான் லாரிமர் இருவரும் சேர்ந்து உருவாக்கியது. புதிது புதிதாக உருவாகும் நாணயத்தில் ஒரு பெரும் பங்கு பரிசுத் தொகையாகச் சேரும். ஓட்டுகள் அதை எழுதியவர்களுக்கும் ஓட்டுப் போட்டவர்களுக்கும் பிரித்துக் கொடுக்கும். ஓட்டின் எடை, கணக்கில் பூட்டி வைத்திருக்கும் ஸ்டீம் பவரின் அளவு. ஆளுக்கு ஓர் ஓட்டு என்று வைத்தால் ஒருவரே ஆயிரம் கணக்கு திறந்து மொத்தத்தையும் அள்ளிவிடுவார். அதனால் பணம் போட்டவருக்குத்தான் எடை என்றார்கள். இந்த வாதத்தை நான் ஒப்புக்கொள்கிறேன். என் வருத்தம் அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. ஓட்டுப் போடுகிறவருக்கே அந்த ஓட்டு காசு கொடுக்கிறது. அப்புறம் அவர் எதற்குப் படிக்க வேண்டும்?

பகலில் எனக்கு ஆடிட்டர் அலுவலக வேலை. பேரேட்டைப் பார்த்தால் யார் எங்கே கை வைத்தார்கள் என்று தேடுவது பழகிப்போனது. பிளாக்செயினில் எல்லாமே திறந்துதான் கிடக்கிறது. எந்தக் கணக்கு, எத்தனை சதவீதம், எந்த நொடியில் ஓட்டுப் போட்டது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 2019-இல் வந்த விதிப்படி, பதிவு வெளியாகி ஐந்து நிமிடத்துக்குள் ஓட்டுப் போட்டால் ஓட்டுக்கான பங்கில் வெட்டு விழும். அதைத் தாண்டிக் காத்திருந்தாலோ மற்றவர்கள் முந்திக்கொண்டு பெரிய பங்கை எடுத்துவிடுவார்கள். ஒரு பெரிய எழுத்தாளரின் பதிவை எடுத்து ஓட்டுப் பட்டியலைப் பார்த்தேன். ஐந்தாம் நிமிடத்தை ஒட்டி வரிசையாக வந்து விழுந்திருந்தன, தசமப் புள்ளி வைத்த சதவீதங்களோடு. அது முழுசாகப் படிக்க கால் மணி நேரமாவது பிடிக்கும் கட்டுரை. அந்த ஓட்டுகளைப் போட்டது முன்கூட்டியே அமைத்து வைத்த தானியங்கிகள். எழுத்தாளர் அன்று வெறும் ஒற்றைப் படத்தைப் போட்டிருந்தாலும் அதே ஓட்டுகள் அதே நிமிடத்தில் வந்திருக்கும்.

விதிகளை மாற்றிப் பார்க்காமலும் இல்லை. ஆரம்பத்தில் பரிசு இருபடிக் கணக்கில் போனது. என்னைவிடப் பத்து மடங்கு பவர் உள்ளவர் தனியாகப் போடும் ஓட்டுக்கு நூறு மடங்கு காசு. சின்னக் கணக்குகள் எல்லாம் திமிங்கிலங்கள் எனப்படும் பெரிய கணக்குகள் ஓட்டுப் போட்ட இடத்துக்கே ஓடின, அங்கே போட்டால்தான் தங்கள் ஓட்டுக்கும் ஏதாவது பெறுமானம் வரும். 2017 ஜூனில் வந்த 19-ஆம் ஹார்ட் ஃபோர்க், அதாவது செயினின் விதிகளையே மாற்றும் புதுப்பிப்பு, இதை நேர்க்கோட்டுக் கணக்காக்கியது. ஒரு நாளைக்குப் பத்து முழு ஓட்டு. சரி, இனி நியாயம் கிடைக்கும் என்று நம்பினோம். பெரிய கணக்குகள் சில, ஒற்றை வரிப் பதிவாக நாளுக்குப் பத்து போட்டுத் தங்களுக்கே ஓட்டுப் போட்டுக்கொண்டன. இன்னும் சிலர் பவரை, ஓட்டை ஏலத்துக்கு விடும் தானியங்கிக் கணக்குகளான பாட்களுக்கு வாடகைக்குக் கொடுத்தார்கள். 24 மணி நேரத்தைப் பத்தால் வகுத்தால் 2.4. இரண்டரை மணிக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு தடவை பாட் ஓட்டுப் போடும். அந்த இடைவெளியில் யார் எவ்வளவு பணம் அனுப்பினார்களோ அந்த விகிதத்தில் பிரித்துக் கொடுக்கும். டிரெண்டிங் பக்கம் முழுக்கக் காசு கொடுத்து ஏறியவர்கள்தான். 2018 ஜனவரியில் ஸ்டீம் 8 டாலரைத் தொட்டபோது அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் எத்தனையோ பேர் புதிதாக உள்ளே வந்தார்கள். எழுத்தால் சம்பாதித்த பணம் என்று அவர்கள் அதை நம்பியதை நினைத்தால் இன்னும் மனது கஷ்டப்படுகிறது.

2019 ஆகஸ்டில் 21-ஆம் ஃபோர்க். எழுதியவருக்கு 75, ஓட்டுப் போட்டவருக்கு 25 என்று இருந்ததை ஐம்பதுக்கு ஐம்பது ஆக்கினார்கள். தன் ஓட்டைக் குறைக்காமல், பதிவின் தொகையை இறக்கும் எதிர் ஓட்டான டவுன்வோட் போட தனியாக ஒரு கொள்ளளவும் கொடுத்தார்கள். ஏல பாட்கள் பெரும்பாலும் இதில்தான் ஒழிந்தன. காசு கொடுத்து ஏற்றிய பதிவை அடுத்தவர் இறக்கிவிட்டால் போட்ட பணம் நஷ்டம், அவ்வளவுதான். டவுன்வோட் எனக்கு இதனால்தான் பிடிக்கும். ஸ்டீமின் வெள்ளை அறிக்கையிலேயே நண்டு வாளிக் கதை வருகிறது. ஏற முயலும் நண்டை மற்றவை இழுத்துப் போடும் என்று நம் ஊரில் வேறு பொருளில் சொல்லும் அதே கதை. அங்கே அது, ஒருவர் தனக்குத்தானே அள்ளிக்கொள்ளாமல் மற்றவர்கள் தடுப்பார்கள் என்பதற்கு ஆதாரம்.

ஆனால் அதே ஃபோர்க்கில் பரிசுக் கணக்கின் வளைவையும் மாற்றினார்கள். சின்னத் தொகைக்கு வரும் ஓட்டு, பெரிய தொகைக்கு வரும் ஓட்டின் பாதி மதிப்புக்குக் கிட்டத்தட்ட இறங்கியது. ஒரே ஆள் நூறு கருத்துகளில் தனக்கே சில்லறையாக ஓட்டுப் போடுவதைத் தடுக்க அது வேண்டும் என்றார்கள். அடி விழுந்தது யாருக்கு? தேரூர் அண்ணனுக்கும், அவரைப் போன்ற வாசகர்களை மட்டுமே நம்பி எழுதியவர்களுக்கும். ஸ்டீமிலிருந்து 2020-இல் பிரிந்த ஹைவ், அந்த வளைவை 2021 ஜூனில்தான் எடுத்துப் போட்டது. முதல் 24 மணி நேரத்தில் யார் எப்போது போட்டாலும் ஒரே பங்கு என்றும் ஆக்கியது. நிதானமாகப் படித்துவிட்டு ஓட்டுப் போடுகிறவருக்கு அதற்கப்புறம் நஷ்டம் இல்லை. இத்தனை மாற்றங்களில் எனக்கு முழு மனதோடு பிடித்தது இதுதான்.

மொழிக்கு வருகிறேன். கொரிய மொழியில் எழுதியவர்கள் ஸ்டீமில் நன்றாகவே இருந்தார்கள். அவர்கள் எழுத்து நம் எழுத்தைவிட உயர்ந்தது என்பதால் இல்லை; கொரிய மொழி படிக்கத் தெரிந்தவர்களிடம் ஸ்டீம் பவர் நிறைய இருந்தது. தமிழ் படிக்கிறவர்களிடம் இல்லை. ஒரு மொழியின் எழுத்துக்கு என்ன கூலி என்பதை, அந்த மொழிக்காரர்கள் எவ்வளவு நாணயம் வாங்கி வைத்திருக்கிறார்கள் என்பது தீர்மானிக்கிறது. கியூரி மாதிரியான குழுக்கள் கவனம் பெறாத எழுத்தைத் தேடி எடுத்து, பெரிய கணக்குகளின் ஓட்டை அதற்கு வாங்கிக் கொடுத்தன. ஆளை வைத்துப் படிக்கச் செய்தார்கள், படித்தவருக்குக் கூலியும் கொடுத்தார்கள். என் கண்ணுக்கு நியாயத்துக்கு மிக அருகே வந்த ஏற்பாடு அதுதான்.

செயினின் பதிவுகளைச் சரிபார்த்து அதை நடத்துகிற விட்னஸ்களையும் இதே பவர்தான் தேர்ந்தெடுக்கிறது. ஒரு கணக்கு தன் முழு எடையோடு 30 விட்னஸ்களுக்கு ஓட்டுப் போடலாம்; செயினை நடத்துவது முதல் 20 பேர். அதாவது 51 பங்கு வைத்திருப்பவருக்கு 20 இடமும் கிடைக்கும், 49 வைத்திருப்பவருக்கு ஒன்றும் கிடையாது. 2020 பிப்ரவரியில் ஸ்டீமிட் நிறுவனத்தை டிரான் என்ற இன்னொரு பிளாக்செயினின் நிறுவனர் ஜஸ்டின் சன் வாங்கினார். நிறுவனம் ஆரம்ப நாட்களில் எடுத்து வைத்திருந்த பெரும் பங்கை வைத்து அவர் செயினைப் பிடித்துவிடக் கூடாது என்று விட்னஸ்கள் அதை முடக்கினார்கள். மார்ச் 2-ஆம் தேதி நாணயம் வாங்கி விற்கும் தளங்களான பைனான்ஸ், ஹூவோபி, போலோனியெக்ஸ் மூன்று எக்ஸ்சேஞ்சுகளும், வாடிக்கையாளர்கள் தங்களிடம் போட்டு வைத்திருந்த நாணயத்தைப் பவராக மாற்றி சன்னுக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டன. முதல் 20 பேரும் மாறிவிட்டார்கள். தன் நாணயம் ஓட்டுப் போடுவது அதன் சொந்தக்காரருக்கே தெரியாது. பைனான்ஸும் ஹூவோபியும் பிறகு ஓட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டன. மார்ச் 20-ஆம் தேதி சமூகம் பிரிந்து ஹைவ் ஆனது.

புதிதாகப் பூட்டிய பவர் 30 நாள் கழித்துத்தான் விட்னஸ் ஓட்டுக்குச் செல்லும் என்று ஹைவில் விதி கொண்டுவந்தார்கள், நல்லது. ஆனால் 30 ஓட்டு என்பது அப்படியே இருக்கிறது. இதை ஐந்தாகவோ பத்தாகவோ குறைத்தால், அல்லது ஒருவரின் எடையை அவர் தேர்ந்தெடுக்கும் ஆட்களுக்கிடையே பங்கிட்டால், சிறிய குழுக்களுக்கும் ஓரிரு இடம் கிடைக்கும். நாலாயிரம் பக்கம் விவாதம் நடத்தினாலும் இதைத் தொட மாட்டேன் என்கிறார்கள். தொட வேண்டியவர்கள் அந்த 30 ஓட்டால் வந்தவர்கள்.

ஹைவில் கணக்கு வைத்திருக்கும் தமிழர்களிடம் ஒன்று கேட்கிறேன். விட்னஸ் ஓட்டு ஒரு வருடம் அசையாமல் கிடந்தால் காலாவதியாகிவிடும், உங்களுடையது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். தானியங்கி ஓட்டுப் பட்டியல் வைத்திருந்தால், அதில் ஒரு பகுதிப் பவரையாவது தமிழ் படித்து ஓட்டுப் போடும் ஒருவருக்கு டெலிகேட் செய்யுங்கள், அதாவது இரவலாகக் கொடுங்கள். வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், ஐந்து நாளில் உங்கள் கணக்குக்கு வந்துவிடும்.