ராத்திரி 2 மணிக்கு டேங்க் ஏன் இறங்குகிறது?

சென்னையில் 40 வீடுகள் உள்ள ஓர் அப்பார்ட்மென்ட் என்று வைத்துக்கொள்வோம். மொட்டை மாடியில் 4 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலத்தில் கான்கிரீட் டேங்க். பரப்பு 10 சதுர மீட்டர். தண்ணீர் 1 செ.மீ. இறங்கினால் 100 லிட்டர் போயிருக்கிறது என்று கணக்கு. இந்த ஒரு கணக்குக்காகத்தான் டேங்கில் தண்ணீர் மட்டத்தை அளக்கும் சென்சார் மாட்டச் சொல்கிறேன்.

வீட்டுக்கு வீடு தண்ணீர் மீட்டர் வைப்பதில்தான் பல அசோசியேஷன்கள் ஆரம்பிக்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. பழைய கட்டடங்களில் சமையலறைக்கு ஒரு குழாய், ஒவ்வொரு பாத்ரூமுக்கும் ஒரு குழாய் என்று வீட்டுக்குள் மூன்று நான்கு வழியில் தண்ணீர் நுழையும். அத்தனைக்கும் மீட்டர் வேண்டும். டேங்க் காலியாகி மறுபடி நிரம்பும்போது குழாயில் இருக்கும் காற்றே மீட்டரைச் சுற்றிவிடும். அதற்கும் பில் வரும், சண்டையும் வரும். முதலில் டேங்க், மீட்டர் அப்புறம்.

மோட்டார் ஓடாத, யாரும் குளிக்காத நேரம் ராத்திரி 2 முதல் 4 வரை. அந்த இரண்டு மணி நேரத்தில் மட்டம் 3 செ.மீ. இறங்கினால் 300 லிட்டர். ஒரு நாளைக்கு 3,600 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி ஒன்று சுமார் மூன்றே கால் நாளில் காலி. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த ஊரில் இது சின்னக் கசிவு இல்லை. அந்தத் தண்ணீரை மேலே ஏற்ற ஆன கரண்டும் சேர்ந்து ஒழுகுகிறது.

எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பது சுலபம். மாடியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு லைனுக்கும் கேட் வால்வு இருக்கும். ஒரு ராத்திரிக்கு ஒரு லைனை மூடுங்கள். எந்த லைனை மூடியதும் இறக்கம் நிற்கிறதோ, அந்த வரிசை வீடுகளின் ஃப்ளஷ் டேங்க்குகளைப் பாருங்கள். தேய்ந்த வாஷர்தான் பெரும்பாலும் காரணம். தண்ணீர் சத்தமில்லாமல் கோப்பைக்குள் வழிவதால் வீட்டுக்காரருக்கே தெரியாது. ஃப்ளஷ் டேங்கில் கொஞ்சம் மஞ்சள் தூளைக் கரைத்து, கால் மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விட்டால் கோப்பை காட்டிக்கொடுத்துவிடும்.

சென்சாருக்கு, தண்ணீர் புகாத அல்ட்ராசோனிக் வகை போதும். ஒலியை அனுப்பி, அது தண்ணீரில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து தூரத்தைச் சொல்லும். அதன் முகத்திலிருந்து சுமார் 25 செ.மீ. வரை அதற்குக் கண் தெரியாது. டேங்க் நிரம்பும் மட்டத்துக்கு மேலே அந்த இடைவெளி இருக்க வேண்டும். தண்ணீர் கொட்டும் குழாய்க்குப் பக்கத்திலோ, இரும்புப் படிகளுக்கு நேராகவோ மாட்டினால் படியை அளந்து சொல்லும். ஏழு முறை அளந்து நடு மதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி வேண்டாம், ஒரு தப்பான எண் எல்லாவற்றையும் இழுத்துவிடும். அளவைச் சொல்லும் சென்சாரின் எக்கோ முனை தருவது 5 வோல்ட், அதைப் படிக்கும் இஎஸ்பி32 என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு தாங்குவது 3.3. நடுவில் 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் ரெசிஸ்டர்களால் வோல்டேஜைப் பிரித்துவிடுங்கள்.

பலர் கோட்டைவிடும் இடம் வெப்பநிலை. ஒவ்வொரு டிகிரி குறையும்போதும் ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 0.6 மீட்டர் குறையும். ராத்திரி டேங்க்குக்குள் 5 டிகிரி குளிர்ந்தால், 1.5 மீட்டர் இடைவெளியில் 1.3 செ.மீ. தள்ளிக் காட்டும். ஒழுகாத 130 லிட்டரை ஒழுகியதாகச் சொல்லும். சென்சார் பக்கத்திலேயே ஒரு வெப்பநிலை சென்சாரையும் வைத்து, புரோகிராமில் திருத்திக்கொள்ளுங்கள்.

தரைக்கடியில் இருக்கும் சம்ப்புக்கும் மாடிக்கும் நடுவே வை-ஃபை எடுபடாது. குறைந்த கரண்டில் தூரமாகச் சிக்னல் அனுப்பும் லோரா ரேடியோ ஒத்துவரும். இந்தியாவில் லைசென்ஸ் இல்லாத 865–867 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். ஆன்டெனா மாட்டாமல் பவர் கொடுக்காதீர்கள், மாட்யூல் போய்விடும்.

மோட்டாரையும் இதிலேயே இணைப்பதானால், போர்டோடு வரும் நீல ரிலேயில் (சிக்னலால் இயங்கும் சின்ன சுவிட்ச்) நேராக மாட்டாதீர்கள். 1 ஹெச்பி மோட்டார் கிளம்பும்போது ஓடும் கரண்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டு மோட்டார் நிற்கவே நிற்காது. ரிலே, அதிக கரண்டைத் தாங்கும் பெரிய சுவிட்சான கான்டாக்டரை இயக்கட்டும், கான்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும். பழைய ஃப்ளோட் சுவிட்சைக் கழற்ற வேண்டாம். டேங்க் சென்சாரிலிருந்து சிக்னல் மூன்று நிமிடம் வராவிட்டால் மோட்டார் தானாக நிற்கும்படி எழுதுங்கள்.

சம்ப்பில் வேறொன்றையும் கவனியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில், மெட்ரோ வாட்டர் வால்வை மூடிய ராத்திரியிலும் சம்ப் மட்டம் ஏறினால், நிலத்தடி நீர் விரிசல் வழியாக உள்ளே வருகிறது. பக்கத்தில் சாக்கடை லைன் போனால் அதுவும் சேர்ந்து வரும். அந்தத் தண்ணீரை மேலே ஏற்றாமல் சம்ப்பை இறைத்துக் கழுவி, விரிசலை அடைத்த பிறகே வால்வைத் திறங்கள்.