பால் கட்டிக்கொண்டால் அழுத்தி நீவாதீர்கள்

இதைத் தேடிப் படிக்கிறவர் அநேகமாகக் கைக்குழந்தையோடு இருப்பீர்கள். ஒரு பக்க மார்பில் கெட்டியாக ஏதோ தட்டுப்படும், தொட்டாலே உயிர் போகும், வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். அதனால் செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், கதை அப்புறம். அழுத்தி நீவ வேண்டாம், யார் வந்து நீவிவிடுகிறேன் என்றாலும் வேண்டாம். பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம், வலிக்கிற பக்கமும் குழந்தை கேட்கிறபோது வழக்கம்போலக் கொடுங்கள். கொடுத்து முடித்ததும் துணியில் சுற்றிய குளிர் ஒத்தடம் பத்து நிமிடம் வையுங்கள். பிரசவத்துக்குப் பிறகு மருத்துவர் எழுதிக்கொடுத்த பாராசிட்டமாலோ ஐபுபுரூஃபனோ கைவசம் இருந்தால் அவர் சொன்ன அளவில் போட்டுக்கொள்ளுங்கள், இரண்டுமே பால் கொடுக்கிற தாய் எடுத்துக்கொள்ளக்கூடிய மாத்திரைகள்தான். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் இருந்தால் மட்டும் மேலே படிப்பதை விட்டுவிட்டுக் கீழே காய்ச்சல் பற்றி எழுதியிருக்கும் பத்திக்கு நேரே போய்விடுங்கள்.

எனக்குப் பிரசவம் அம்மா வீட்டில், பாளையங்கோட்டையில். குழந்தை பிறந்து பால் நன்றாகச் சுரக்க ஆரம்பித்திருந்த சமயம், ஒரு ராத்திரி பிள்ளை வழக்கத்தைவிட நீளமாகத் தூங்கிவிட்டாள், நானும் அசந்து தூங்கிவிட்டேன். விடியும்போது வலது மார்பில் அக்குள் பக்கமாக எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி. அந்த இடம் மட்டும் சூடு, கையைத் தூக்க முடியவில்லை. ஆச்சி தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏட்டி, பால் கட்டிக்கிடுச்சு, சுடுதண்ணி போட்டு நல்லா நீவிப் பீய்ச்சணும், இல்லேன்னா சீழ் வச்சிரும்" என்றாள். அம்மா தேங்காய் எண்ணெயோடு வந்துவிட்டாள். கட்டைவிரல் பட்டதும் நான் போட்ட சத்தத்தில் பிள்ளை எழுந்துகொண்டது. அப்பாதான், "பிள்ளைய ஏன் இப்பிடிப் படுத்துதிய, டாக்டரம்மாகிட்ட கேட்டுருவோம்" என்று ஆட்டோ பிடித்து வந்தார்.

அந்த மருத்துவர் என்னை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்ன விஷயம், நான் அதுவரை மனதில் வைத்திருந்த படத்தையே மாற்றிவிட்டது. குழாயில் அடைப்பு, அதைத் தள்ளிவிட்டால் பால் வந்துவிடும் என்றுதானே நாம் எல்லோரும் நினைக்கிறோம்? மார்புக்குள் அப்படி ஒற்றைக் குழாய் கிடையாது. பால் நாளங்கள் மிக மெல்லியவை, கிளை கிளையாகப் பிரிந்து ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. காம்புக்குப் பின்னால் பால் தேங்கிநிற்கும் பைகள் இருப்பதாக 1840-இல் ஆஸ்ட்லி கூப்பர் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் வரைந்த படங்களை ஒட்டியே வெகுகாலம் பாடப்புத்தகங்களில் போட்டுவந்தார்கள். 2005-இல் ஆஸ்திரேலியாவில் பால் கொடுக்கும் தாய்மார்களை அல்ட்ராசவுண்டில் பார்த்தபோது அந்தப் பைகளே இல்லை. காம்பில் வந்து சேரும் நாளங்களும் சராசரியாக ஒன்பதுதான், அதுவும் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

அப்படியானால் கட்டியாகத் தட்டுப்படுவது என்ன? பெரும்பாலும் வீக்கம். பால் தேங்கும்போது சுற்றியுள்ள திசுவில் ரத்தமும் நிணநீரும் (திசுக்களிலிருந்து வடியும் நீர்) சேர்ந்து வீங்குகிறது, அந்த வீக்கம் மெல்லிய நாளங்களை வெளியிலிருந்து நெருக்குகிறது, பால் வரும் வழி குறுகுகிறது. அடைத்துக்கொண்டு நிற்கும் ஏதோ ஒன்றை வெளியே தள்ளுகிற வேலை இல்லை இது, வீக்கம் வடியவேண்டும், அவ்வளவுதான். வீங்கிய இடத்தை விரலால் அழுத்திப் பிசைந்தால் நுண்ணிய ரத்தக்குழாய்களும் திசுவும் காயப்பட்டு வீக்கம் இன்னும் ஏறும். காலில் சுளுக்கி வீங்கினால் அதை யாராவது மாவு பிசைவது போலப் பிசைவார்களா? பிள்ளை பெற்றவளின் மார்பை மட்டும் ஏன் பிசைகிறோம் என்று எனக்கு இன்றைக்கும் ஆற்றாமையாக இருக்கிறது.

இது அந்த மருத்துவர் ஒருவரின் கருத்து மட்டும் இல்லை. அகாடமி ஆஃப் பிரெஸ்ட்ஃபீடிங் மெடிசின் என்ற சர்வதேச மருத்துவர் அமைப்பு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இதைத்தான் சொல்கிறார்கள்: ஆழமாக அழுத்தி மசாஜ் செய்யாதீர்கள், 'காலி செய்கிறேன்' என்று கூடுதலாகப் பால் எடுக்காதீர்கள், குளிர் ஒத்தடம் கொடுங்கள், வீக்கத்தைக் குறைக்கும் மாத்திரை எடுங்கள், குழந்தையின் பசிக்கேற்பக் கொடுங்கள். அதற்கு முன்பு மருத்துவமனைகளிலேயே சூடு வை, நீவு, பம்ப் போடு என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள், ஆகவே ஆச்சியையும் அம்மாவையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆச்சி தன் பிள்ளைகளுக்குச் செய்ததைத்தான் எனக்கும் செய்யச் சொன்னாள்.

பம்ப் விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வயதுப் பெண்கள் நிறையப் பேர் கையில் இப்போது பம்ப் இருக்கிறது. மார்பு எவ்வளவு பால் வெளியே போகிறதோ அதைக் கணக்கில் வைத்துத்தான் அடுத்ததைச் சுரக்கிறது. பிள்ளை குடித்தது போக மிச்சத்தையும் உறிஞ்சி எடுத்தால், இங்கே இரட்டைப் பிள்ளை இருக்கிறது போல என்று உடம்பு எடுத்துக்கொண்டு இன்னும் அதிகமாகச் சுரக்கும், மறுபடி தேங்கும், மறுபடி கட்டும். பிள்ளை அந்த நேரத்துக் குடியைத் தவறவிட்டாலோ, மார்பு இறுகிப்போய் பிள்ளையால் வாய் வைக்க முடியாவிட்டாலோ, கையால் கொஞ்சம் பீய்ச்சி இளக்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் வேண்டாம்.

குளிர் ஒத்தடம் என்றதும் எங்கள் வீட்டில் பெரிய ரகளை. பச்சை உடம்பு, ஐஸ் வைத்தால் ஜன்னி கண்டுவிடும் என்று ஆச்சி அழவே ஆரம்பித்துவிட்டாள். அவள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காலத்தில் பிள்ளை பெற்ற பெண்கள் குளிரும் காய்ச்சலும் கண்டு செத்திருக்கிறார்கள், அது கிருமித் தொற்றினால் வந்த காய்ச்சல், குளிர்ந்த தண்ணீரால் வந்தது இல்லை. ஆனால் இதை வாதாடி ஜெயிக்கிற நேரமா அது? மண்பானைத் தண்ணீரில் துண்டை நனைத்துப் பிழிந்து வைத்துக்கொள்கிறேன் என்றேன், பானைத் தண்ணீர் என்றதும் சமாதானம் ஆகிவிட்டாள். அதுவே இதமாகத்தான் இருந்தது. அப்புறம் அப்பா ஃபிரிட்ஜில் இருந்த பட்டாணிப் பொட்டலத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார், அதையும் வைத்துக்கொண்டேன். ஐஸை வெறுந்தோலில் நேராக வைக்கக் கூடாது, அது மட்டும் கவனம். சிலருக்குப் பால் கொடுக்கும் முன் வெதுவெதுப்பான துணியை ஒரு நிமிடம் வைத்தால் பால் இறங்கச் சுலபமாக இருக்கும், இதமாக இருந்தால் அதை வைத்துக்கொள்ளுங்கள். கொதிக்கக் கொதிக்க அரைமணி நேரம் ஒத்தடம் கொடுப்பதுதான் வீக்கத்தை ஏற்றிவிடும்.

கையால் எதுவுமே செய்யக் கூடாதா என்று கேட்டேன். செய்யலாம், ஆனால் தோல் நகரும் அளவுக்கு மட்டும், மிக மிக லேசாக. காம்பை நோக்கித் தள்ளாமல், அதற்கு எதிர்த்திசையில் அக்குளையும் காறை எலும்பையும் நோக்கித் தடவ வேண்டும், நிணநீர் வடிவது அந்தப் பக்கம்தான். அம்மாவுக்கு எதையாவது செய்தால்தான் மனசு ஆறும், அதனால் இந்த வேலையை அவளிடமே ஒப்படைத்தேன். நன்றாகவே செய்தாள்.

மல்லிகைப்பூ பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் பதிவு நம் ஊர்ப் பதிவே இல்லை. பால் கட்டினால் பூவை வைத்துக் கட்டு என்று பக்கத்து வீட்டு அத்தை சொல்லுவார், அது வெறும் நம்பிக்கை இல்லை, உண்மையிலேயே வேலை செய்கிறது. பால் வற்ற வைக்கப் பூ கட்டுவதையும் புரோமோகிரிப்டின் மாத்திரையையும் ஒப்பிட்டு வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் செய்த ஆய்வு ஒன்று 1988-இல் வெளியானது, இரண்டுமே சுரப்பைக் குறைத்தன. குழந்தையை இழந்த தாய்க்கும், பால் மறக்கடிக்கிற தாய்க்கும் நம் பெரியவர்கள் செய்துவந்தது அது. தொடர்ந்து பால் கொடுக்க நினைக்கிறவர்கள் கட்டிக்காகப் பூ வைத்துக் கட்டினால் சுரப்பே குறைந்துபோகலாம். குளிர்ந்த முட்டைக்கோஸ் இலையை வேண்டுமானால் சிறிது நேரம் வைத்துக்கொள்ளலாம், குளுமைக்காக.

ஏன் கட்டுகிறது? ராத்திரியில் ஒரு குடி தவறுவது, இறுக்கமான பிளவுஸ், ஒரே பக்கமாகப் படுப்பது, தேவைக்கு மேல் சுரப்பது எல்லாம் காரணமாகலாம். வயிறு சுருங்க வேண்டும் என்று பழைய நூல் சேலையை வயிற்றில் சுற்றிக் கட்டிவிடுவார்களே, அது ஏறிவந்து மார்பின் அடிப்பகுதியை நெருக்குகிறதா என்று பாருங்கள், எனக்கு அப்படித்தான் இருந்தது. பார்க்க வருகிறவர்கள் கூட்டமும் ஒரு காரணம் என்று அடித்துச் சொல்வேன். கூடத்தில் ஆள் உட்கார்ந்திருக்கிறது என்று பிள்ளைக்கு அப்புறம் கொடுத்துக்கொள்ளலாம் எனத் தள்ளிப்போடுகிறோம், பிள்ளையும் கைமாறிக் கைமாறித் தூங்கிப்போகிறது. பச்சைக்குழந்தை ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை குடிக்கும். அதில் யாருடைய சௌகரியத்துக்காகவும் கைவைக்க விடாதீர்கள்.

பிள்ளை வாய் வைக்கும் விதமும் முக்கியம். காம்பை மட்டும் கவ்வினால் உங்களுக்கும் புண்ணாகும், பாலும் சரியாக இறங்காது. வாயை நன்றாகத் திறந்து, கருவட்டத்தின் கீழ்ப்பகுதி அதிகமாக உள்ளே போகும்படி, தாடை மார்பில் பதிந்திருக்க வேண்டும். சிசேரியன் தையல் வலித்தால் பக்கவாட்டில் படுத்துக்கொண்டோ, பிள்ளையின் உடம்பை உங்கள் அக்குள் இடுக்கில் வைத்துக்கொண்டோ கொடுங்கள். காம்பில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் ஊசியால் குத்திவிடாதீர்கள், வீட்டில் யாராவது நிச்சயம் அந்த யோசனை சொல்வார்கள்.

எனக்குக் குளிர் ஒத்தடமும் மாத்திரையும் தூக்கமுமாகக் கட்டி கரைந்துவிட்டது. முதலில் வலி குறைந்தது, கெட்டித்தன்மை மெதுவாகத்தான் போனது. எல்லோருக்கும் இப்படி முடிவதில்லை.

இப்போது காய்ச்சல். உடம்பு 101 டிகிரிக்கு மேல் ஏறி, குளிர் நடுக்கம், அடித்துப்போட்ட மாதிரி உடம்பு வலி, மார்பில் ஒரு பகுதி சிவந்து தகதகவென்று இருப்பது, இதெல்லாம் பால் கட்டு மார்பழற்சியாக (டாக்டர்கள் மாஸ்டைட்டிஸ் என்பார்கள்) மாறியிருப்பதைக் காட்டும். முன்னே சொன்னதையெல்லாம் செய்தும் ஒரு நாளைக்குள் இறங்கவில்லை என்றால் மருத்துவரிடம் போய்விடுங்கள், மிகவும் முடியவில்லை என்றால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். கிருமித் தொற்று என்று அவர் முடிவு செய்தால் ஆன்டிபயாட்டிக் கொடுப்பார், பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்தாகவே தருவார். பால் கொடுக்கிறேன் என்பதை நீங்களாகவே சொல்லுங்கள். கொடுத்த நாட்களுக்கு முழுதாகச் சாப்பிடுங்கள், காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடாதீர்கள்.

அந்தக் காய்ச்சலிலும் பால் கொடுக்கலாம். கெட்ட பால், பிள்ளைக்கு வயிற்றால் போகும் என்று சொல்லி நிறுத்தச் சொல்வார்கள், திடீரென்று நிறுத்தினால் தேக்கம்தான் கூடும். மார்பழற்சியின்போது பாலில் சோடியம் ஏறி லேசாக உப்புக் கரிக்கும், அதனால் சில பிள்ளைகள் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அந்தப் பக்கம் கொஞ்ச நாள் பால் குறைந்த மாதிரியும் இருக்கும், பெரும்பாலும் திரும்ப வந்துவிடும். மருந்து எடுத்தும் கட்டி குறையாமல், அமுக்கினால் உள்ளே நீர் நகர்வது போலத் தெரிந்தால் சீழ்க்கட்டியாக இருக்கலாம். ஸ்கேன் பார்த்து ஊசி வழியாகவோ சிறு கீறல் போட்டோ வடித்துவிடுவார்கள், அதற்கப்புறமும் பால் கொடுக்கலாம்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கட்டினாலோ, வலியே இல்லாத கட்டி வாரக்கணக்கில் அப்படியே இருந்தாலோ, பால் கட்டுதானே என்று விட்டுவிடாமல் ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, ஆனால் பார்த்துவிடுவது நல்லது. தமிழ்நாட்டில் இருக்கிறவர்கள் நடுராத்திரியில் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தால் 104-க்கு அழைக்கலாம், அரசின் மருத்துவ ஆலோசனை எண் அது. வீட்டுக்காரரை அழைக்கச் சொல்லிவிட்டு நீங்கள் பிள்ளையோடு படுத்துக்கொள்ளுங்கள்.