நான்ஜிங்: ஒரு கோயிலும் ஒரு செப்புக்காசும்

கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகளில் எழுதியது. 1409ஆம் ஆண்டு தேதியிட்டு நான்ஜிங்கில் செதுக்கி, தளபதி செங் ஹோவின் கப்பலில் இலங்கையின் காலித் துறைமுகத்துக்குக் கொண்டுவந்த கல். தெனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்குச் சீனப் பேரரசர் கொடுத்த காணிக்கைகளைத் தமிழ்ப் பகுதி சொல்கிறது. தமிழ் எழுத்தைக் கல்லில் வெட்டிய அந்தச் சீன ஊரைப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்குப் பல வருட ஆசை. போன அக்டோபரில்தான் கைகூடியது.

நான்ஜிங்கில் இறங்கிய மறுநாள் காலையிலேயே ஜிங்ஹை கோயிலுக்குப் போனேன். செங் ஹோவின் கடற்பயணங்களைக் கொண்டாட மிங் பேரரசர் யோங்லே கட்டிய கோயில் அது. 'கடல் அமைதி' என்று பெயருக்குப் பொருள் சொல்லலாம். சிங்கமலை அடிவாரத்தில், யாங்சே நதிக்குப் பக்கத்தில் இருக்கிறது. இப்போது நிற்பது 1988இல் திரும்பக் கட்டியது.

செங் ஹோவைத் தேடிப் போனவன் 1842இல் போய் நின்றேன். அபினை முன்னிட்டு பிரிட்டனோடு நடந்த போரின் கடைசியில், அந்த ஆகஸ்டில் பிரிட்டிஷ் கப்பல்கள் இதே நதியில் நங்கூரம் போட்டிருக்க, அப்போது சீனாவை ஆண்ட சிங் அரசின் தூதர்கள் இந்தக் கோயிலில் உட்கார்ந்துதான் சமாதானம் பேசினார்கள். ஆகஸ்ட் 29 அன்று கார்ன்வாலிஸ் என்ற போர்க்கப்பலில் நான்ஜிங் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஹாங்காங் தீவு போனது. ஷாங்காய் உட்பட ஐந்து துறைமுகங்களைத் திறந்துவிட வேண்டும். அதற்கு மேல் 2 கோடியே 10 லட்சம் வெள்ளி டாலர் கட்ட வேண்டும். அதில் 1 கோடியே 20 லட்சம் போர்ச்செலவு. 30 லட்சம் கான்டன் (இன்றைய குவாங்சோ) வணிகர்கள் வைத்திருந்த கடன். மீதி 60 லட்சம், 1839இல் அதிகாரி லின் சேசூ பறித்து அழித்த அபினுக்கு விலை. விஷத்தை அழித்ததற்கு அந்த நாடே விலை கொடுத்திருக்கிறது. இனி அபின் விற்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இல்லை. படிக்கப் படிக்க எனக்கு வயிறு எரிந்தது.

அங்கே ஒரு பெரிய மணி தொங்குகிறது. ஹாங்காங் திரும்பி வந்த 1997இல் வார்த்தது. உயரம் 1.842 மீட்டர். ஒரு தாத்தா பேரனின் கையைப் பிடித்து மணியின் அடியிலிருந்து மேல் வரை தடவிக் காட்டி, "யீ, பா, ஸெ, அர்" என்று எண்ணைச் சொல்லிக்கொடுத்தார். ஒன்று, எட்டு, நான்கு, இரண்டு. பையன் திருப்பிச் சொன்னான்.

இதையெல்லாம் நமக்குச் சம்பந்தமில்லாத கதையாக என்னால் பார்க்க முடியவில்லை. அபின் விளைந்தது பீகாரிலும் மால்வாவிலும். கார்ன்வாலிஸ் கப்பலே 1813இல் பம்பாயில் கட்டியது. சுட வந்தவர்களில் மதராஸ் காலாட்படை சிப்பாய்களும் இருந்தார்கள். நம் தமிழ், தெலுங்கு ஊர்களிலிருந்து சம்பளத்துக்குப் போனவர்கள். 1841 மே மாதம் கான்டனுக்கு வெளியே சான்யுவான்லியில் 37ஆம் மதராஸ் படைப்பிரிவின் ஒரு கம்பெனி மாட்டிக்கொண்டது. மழையில் துப்பாக்கி மருந்து நனைந்து சுட முடியாமல், கிராமத்து மக்கள் ஈட்டியும் கம்புமாகச் சூழ்ந்துகொண்டார்கள். அந்தச் சிப்பாய்க்கும் அந்த விவசாயிக்கும் என்ன பகை?

மறுநாள் ரயிலேறி ஜென்ஜியாங் போனேன், அரைமணி நேரம்கூட ஆகவில்லை. பெருங்கால்வாய் யாங்சேயைச் சந்திக்கும் ஊர். தெற்கே விளைந்த நெல் பீஜிங்குக்குப் போகும் வழி இதுதான். 1842 ஜூலை 21 அன்று பிரிட்டிஷ் படை இந்த ஊரைப் பிடித்தது. தலைநகரின் சோற்றுப்பானைக்கே கை வைத்தாயிற்று. அப்புறம் பேரரசர் எவ்வளவு நாள் தாங்குவார்? ஊரைக் காத்த மஞ்சு (சிங் அரச வம்சத்தின் இனம்) வீரர்கள் பலர், எதிரியிடம் சிக்கிவிடுவார்களே என்று பயந்து தங்கள் மனைவி மக்களைத் தாங்களே கொன்றார்கள். பழைய படகுத்துறைத் தெருவில் தள்ளுவண்டிச் சக்கரங்கள் நூற்றாண்டுகளாக ஓடி, கருங்கல்லில் ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. அதில் விரலை வைத்துப் பார்த்தேன். வழுவழுவென்று இருந்தது.

நான்ஜிங் திரும்பி ஜன்யுவான் தோட்டத்துக்குப் போனேன். சிங் அரசுக்கு எதிராக எழுந்த தைப்பிங் கிளர்ச்சியின் அருங்காட்சியகம் அங்கேதான். கிளர்ச்சியின் 'கிழக்கு அரசர்' யாங் சியூச்சிங் குடியிருந்த இடம் என்கிறார்கள். அரசராகும் முன் அவர் மலையில் கரி சுட்டு விற்றவர்.

என்னை அதிக நேரம் நிறுத்தியது ஒரு செப்புக்காசு. நடுவில் சதுர ஓட்டை. ஒரு பக்கம் 'தைப்பிங் விண்ணரசு', மறுபக்கம் 'புனிதச் செல்வம்'. அதில் 'நாடு' என்ற எழுத்தைக் கிளர்ச்சிக்காரர்கள் மாற்றி எழுதியிருக்கிறார்கள்: பெட்டி மாதிரியான எழுத்துக்குள் 'அரசன்' என்ற எழுத்து உட்கார்ந்திருக்கிறது.

அந்தக் காசைப் பார்த்தபோதுதான் கோயிலில் படித்தது எனக்கு முழுதாகப் புரிந்தது. விவசாயி நெல்லை விற்று வாங்கியது செப்புக்காசு. வரி கட்ட வேண்டியது வெள்ளிக் கணக்கில். அபினுக்காக வெள்ளி நாட்டைவிட்டு ஓட ஓட அதன் விலை ஏறியது. நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு தேல் (சீன எடை அளவு) வெள்ளிக்கு ஏறக்குறைய 1,000 காசு. 1840களின் முடிவில் அது 2,000ஐத் தொட்டது. அரசு வரியை ஏற்றாமலே வரி இரட்டிப்பானது. ஷாங்காய் திறந்ததும் தேயிலையும் பட்டும் அந்தப் பக்கம் திரும்பின. கான்டன் வழியில் மலை தாண்டிச் சுமை தூக்கியவர்களுக்கும் படகோட்டிகளுக்கும் வேலை போனது. பிரிட்டிஷ் கப்பற்படை துரத்திய கடற்கொள்ளையர்கள் ஆற்றுவழியே உள்நாட்டுக்குள், தெற்கு மாகாணமான குவாங்சி வரை புகுந்தார்கள். கிளர்ச்சி பிறந்தது அதே குவாங்சியில்.

தலைவர் ஹொங் சியூசுவான், அரசுப் பணித் தேர்வில் மீண்டும் மீண்டும் தோற்ற, ஹக்கா என்ற சமூகத்து இளைஞர். காய்ச்சலில் கண்ட கனவையும் கையில் கிடைத்த ஒரு கிறித்தவப் பிரசுரத்தையும் சேர்த்து, தான் இயேசுவின் தம்பி என்று நம்பினார். பலர் அதை மட்டுமே பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. பசித்த சுரங்கத் தொழிலாளியும் கரி சுடுபவனும் ஏன் அவர் பின்னால் போனார்கள் என்பதற்கு அந்தக் காசுதான் பதில். 1851இல் எழுந்தவர்கள் 1853 மார்ச்சில் நான்ஜிங்கைப் பிடித்து 'விண்ணகத் தலைநகர்' ஆக்கினார்கள். ஒப்பந்தம் போட்டுப் பதினோரு வருடம்கூட நிறையவில்லை.

உள்ளே இந்தப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே 1860இல் பிரிட்டிஷ்-பிரெஞ்சுப் படை பீஜிங் போய்ப் பேரரசரின் கோடைக்கால அரண்மனையைக் கொளுத்தியது. பிறகு அதே வெளிநாட்டவர்கள் சிங் அரசுக்கு உதவியாகக் கிளர்ச்சிக்காரர்களோடு சண்டையிட்டார்கள். மொத்தச் சாவு 2 கோடிக்குக் குறையாது என்பது பொதுவான மதிப்பீடு.

கடைசி மாலை சுவான்வு ஏரியை ஒட்டிய கோட்டைமதில்மேல் நடந்தேன். 1864 ஜூலை 19 அன்று, தைப்பிங் வாயில் பக்கம் சுரங்கம் தோண்டி வெடிவைத்து, சிங் படை மதிலைப் பிளந்து உள்ளே வந்தது. அந்த வாயிலுக்கு மிங் காலத்திலிருந்தே அதுதான் பெயர். தைப்பிங் என்றால் பேரமைதி.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முதலில் ஜிங்ஹை கோயில், அப்புறம் ஜன்யுவான். வரிசையை மாற்றிவிடாதீர்கள்; கோயிலைப் பார்க்காமல் போனால் அந்தக் காசைச் சும்மா தாண்டிப் போய்விடுவீர்கள். மதிலுக்குச் சாயங்காலம் நல்லது. ஏரிப் பக்கமிருந்து காற்று வரும்.