ஒன்பது கிலோ உப்பு

"ஆயா, சாம்பார் கரிக்கிறது" என்று பேரன் தட்டைத் தள்ளி வைத்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பெரம்பூரில் இதே அடுப்படியில் 40 வருடமாக நிற்கிறேன். ஐ.சி.எஃப். வேலைக்குப் போன மனிதருக்கு விடியற்காலையில் எழுந்து டப்பா கட்டிக் கொடுத்த கை இது. உப்புக்கு ஸ்பூன் எடுத்ததே கிடையாது. மூன்று விரலால் அள்ளிப் போட்டால் சரியாக இருக்கும். "கடையில் வாங்கித் தின்று பிள்ளைக்கு நாக்கு கெட்டுவிட்டது" என்று மகளிடம் சொன்னேன். கெட்டது யாருடைய நாக்கு என்பது இரண்டு மாதம் கழித்துத் தெரிந்தது.

எனக்கு வயது 67. தெருமுனை கிளினிக்கில் மூன்று முறை பார்த்தும் ரத்த அழுத்தம் 168/94-க்குக் கீழே வரவில்லை. டாக்டரம்மா மாத்திரை எழுதிவிட்டு, "உப்பு எவ்வளவு சேர்ப்பீர்கள்?" என்று கேட்டார். "அளவாகத்தான்" என்றேன். "எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள்" என்று சிரித்தார். வயதாக ஆக நாக்கும் மூக்கும் மழுங்குமாம். பழைய ருசி வருவதற்காகக் கை தானாகவே கூடப் போடுமாம். அதே வயதில் ரத்தக் குழாய் விறைத்துப்போகிறது, சிறுநீரகம் உப்பை முன்போல் வேகமாக வெளியேற்றுவதில்லை. ஒரு நாளைக்கு ஓர் ஆளுக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. தலை தட்டிய ஒரு டீஸ்பூன்கூட இல்லை. "ஊறுகாய், அப்பளம் எல்லாம் சேர்த்தா?" என்றேன். "சேர்த்துத்தான்" என்றார்.

அவர் சொன்னதைவிட என்னை உலுக்கியது என் மளிகை நோட்டு. கல்யாணமான நாளிலிருந்து கணக்கு எழுதுகிற பழக்கம் எனக்கு உண்டு. போன வருடத்து நோட்டைப் புரட்டி உப்பை மட்டும் எண்ணினேன். 9 பாக்கெட், 9 கிலோ. வீட்டில் நாங்கள் இரண்டே பேர். காலண்டர் தாளின் பின்பக்கம் வகுத்துப் பார்த்தால் ஆளுக்குத் தினம் 12 கிராமுக்கு மேல் வந்தது. மீன் கழுவியது, வாய் கொப்பளித்தது, பேரன் வந்து தங்கிய நாட்கள் என்று தாராளமாகத் தள்ளினாலும் 10-க்குக் குறையவில்லை. ஊறுகாய் இதில் சேரவே சேராது. அது தனி ஜாடி, தனிப் பாவம்.

உப்பு எங்கே போகிறது என்று ஒரு வாரம் உட்கார்ந்து யோசித்தேன். குழம்பு, பொரியல் தெரிந்ததுதான். நான் நினைத்தே பார்க்காதது எங்கள் ராத்திரிச் சாப்பாடு. பல் போன பிறகு காய்கறியைக் குறைத்துக்கொண்டோம். ராத்திரி எளிதாக இருக்கட்டும் என்று தயிர்சாதம், ஒரு துண்டு எலுமிச்சை ஊறுகாய், இரண்டு மோர் மிளகாய், ஓர் அப்பளம். வயிற்றுக்கு இதம், சமைக்கவும் சுலபம். நாளிலேயே அதிக உப்பு உள்ளே போனது அந்த எளிய சாப்பாட்டில்தான். இட்லியும் அப்படி: மாவில் உப்பு, சட்னியில் உப்பு, சாம்பாரில் உப்பு என்று ஒரே வாய்க்கு மூன்று தடவை. ஞாயிற்றுக்கிழமைக் கருவாட்டைப் பற்றி நான் எதுவும் சொல்லாமல் இருப்பதே நல்லது.

மகள் ஒரு சின்ன எடைக்கருவி வாங்கித் தந்தாள். கல் உப்பை ஸ்பூனில் அளக்க முடியாது, கல்லுக்குக் கல் மாறும். காலையில் இரண்டு பேருக்கும் சேர்த்து எடை போட்டு ஓர் எவர்சில்வர் கிண்ணத்தில் வைத்துவிடுவேன். அன்றைய சமையல் முழுக்க அதிலிருந்துதான், தீர்ந்தால் தீர்ந்தது. முதல் இரண்டு வாரம் 20 கிராம், அடுத்து 17, பிறகு 14. கொதிக்கும்போது போட்டுக்கொண்டிருந்த உப்பை இறக்கும்போது போட ஆரம்பித்தேன். குறைவாகப் போட்டாலும் நாக்கில் தெரிகிறது. பொரியலுக்கு எலுமிச்சை பிழிந்தேன், ரசத்தில் மிளகையும் சீரகத்தையும் ஏற்றினேன். ராத்திரிக்குக் குழைய வேகவைத்த கீரை, சுரைக்காய்க் கூட்டு. "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று இவர் தினமும் ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான் சாப்பிட்டார். ஆறாவது வாரத்தில் சொல்வதை மறந்துவிட்டார். நானும் நினைவூட்டவில்லை.

இதற்கு நடுவே யோசனை சொல்ல வந்தவர்கள் பல பேர். நாத்தனார் இந்துப்பு கொண்டுவந்தாள். நிறம்தான் வேறு, அதுவும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். போதாததற்குப் பலவற்றில் அயோடினும் சேர்த்திருக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டில் சோடியம் குறைத்த உப்பைச் சொன்னார்கள். வாங்கிப் பிரிப்பதற்கு முன் டாக்டரம்மாவிடம் காட்டியது என் நல்ல நேரம். அதில் சோடியத்தில் ஒரு பகுதிக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும். நான் போடுகிற டெல்மிசார்டன் மாத்திரையே உடலில் பொட்டாசியத்தைத் தேக்கும். இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம் என்றார். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் அது ஆகாது. சிலருக்கு நல்ல பொருள்தான், எனக்கில்லை.

சொல்லக் கூச்சமாக இருக்கிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மே மாதம் எனக்கு வெறி ஏறிவிட்டது. 14 கிராமில் நின்றிருக்க வேண்டியவள், சட்டென்று 4 கிராமுக்கு இறக்கினேன். அக்கினி நட்சத்திரம், இவருக்கோ வேர்வை கொட்டுகிறது. கூடவே நீர் பிரிவதற்கு ஒரு மாத்திரையும் சாப்பிடுகிறார். எட்டாவது நாள் எழுந்து நின்றவர் தள்ளாடினார். கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் சோடியம் 128. 135-க்குக் குறையக் கூடாதாம். மூன்று நாள் படுக்கை. மாத்திரைதான் முக்கியக் காரணம் என்று அதை மாற்றினார்கள், ஆனாலும், "வயதானவர்களுக்கு உப்பை இப்படி அடியோடு நிறுத்தலாமா, அம்மா?" என்று கேட்ட இளம் டாக்டருக்கு என்னிடம் பதில் இல்லை. அந்த மூன்று ராத்திரியும் நாற்காலியில் உட்கார்ந்து அந்த எவர்சில்வர் கிண்ணத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பழையபடி 14. ஜூனில் பிரித்த பாக்கெட் 71 நாள் வந்தது, ஆளுக்கு 7 கிராம். 5 இன்னும் வரவில்லை. இனி இறக்குவதானால் இவருடைய ரத்தப் பரிசோதனையைப் பார்த்து, கேட்டுத்தான். என் அழுத்தம் இப்போது 136/82. மாத்திரைக்கு எவ்வளவு பங்கு, கிண்ணத்துக்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க முடியாது என்கிறார் டாக்டரம்மா. மிக்சர், பிஸ்கட் வாங்கும்போது உறையின் பின்பக்கம் பார்க்கிறேன். சோடியம் என்று போட்டிருப்பதை இரண்டரையால் பெருக்கினால் உப்பு: 100 கிராமுக்கு 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு.

பேரன் வந்தால் சாம்பாரை முதலில் அவன் நாக்கில்தான் விட்டுப் பார்க்கிறேன். என் நாக்கை நம்புவதில்லை. போன வாரம் "இன்னும் கொஞ்சம் போடலாம், ஆயா" என்றான். கிண்ணத்தில் நாலைந்து கல் மிச்சம் இருந்தது, போட்டேன்.

எலுமிச்சை ஊறுகாய் ஜாடி மட்டும் பரணில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு துண்டு என்று பேச்சு. நாற்காலி போட்டு ஏறக் கூடாது என்று இவரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஜாடியில் துண்டுகள் நான் எண்ணிவைத்ததைவிடக் குறைவாக இருக்கின்றன.